செங்கோட்டை வீட்டு அரங்கில் ஓதம்: தரையைத் திறந்து செய்த வேலை

செங்கோட்டைப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஓதம், அதாவது தரையிலும் சுவரிலும் ஊறி நிற்கிற ஈரம், தெரியும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வந்துவிடும். அது ஓய்ந்து வெயில் தலைகாட்டுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். கார், பிசானம் என்று இரண்டு போகத்துக்கும் வயலில் தண்ணீர் நிற்கும். எங்கள் வீட்டுப் புறவாசலைத் தாண்டினால் வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். பங்குனி, சித்திரை தவிர மண் முழுதாகக் காய்கிற மாதம் என்று ஒன்று கிடையாது.

வீடு 1956-க்கு முன்னால், செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் கட்டியது. கருங்கல் கடகால் (அஸ்திவாரம்), அதற்கு மேல் சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. கடகாலுக்கும் சுவருக்கும் நடுவில் ஓதத்தைத் தடுக்க எந்தப் படுகையும் இல்லை. அந்தக் காலத்துக் கட்டுமானத்தின் கணக்கே வேறு. ஈரம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது காற்றில் காய்ந்து போய்விடும். தரை, தெருவைவிட நல்ல உயரத்தில் இருந்தவரை அந்தக் கணக்கு பிசகவில்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி ரோடு போட்டதில் தெரு உயர்ந்துவிட்டது; வீடு பள்ளத்துக்கு வந்துவிட்டது. புறவாசல் பக்கமும் குப்பை, மண், இடிசல் எல்லாம் சேர்ந்து மண் மட்டம் சுவரில் ஏறியிருக்கிறது.

அதிகம் அடி வாங்கியது அரங்கு. நெல்லும் அரிசியும் பாத்திர பண்டங்களும் வைக்கிற அறை, பத்துக்குப் பன்னிரண்டு. ஜன்னல் சின்னது, காற்றோட்டம் குறைவு. மூட்டையைத் தரையில் வைத்தால் அடிப்பக்கம் பூஞ்சை. டிரங்குப் பெட்டியின் அடித்தகரம் துருப்பிடித்து உதிர்ந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொருமி, தட்டினால் கொட்டியது. உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. முன்பு ஒரு தடவை தரைமேல் சிமெண்டுப் பூச்சும், இன்னொரு தடவை ஓதத்தை நிறுத்தும் என்று கடைக்காரர் கொடுத்த பெயிண்டும் போட்டிருந்தார்கள். பெயிண்டு தோல் தோலாக உரிந்தது. கீழிருந்து வருகிற தண்ணீரை மேலே பூசி நிறுத்த முடியாது. தண்ணீர் அந்தப் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். அதோடு வருகிற உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகி அதைப் பெயர்த்துவிடும். அதனால் இந்தத் தடவை தரையைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

திறப்பதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. இந்த ஈரம் மண்ணிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்து படிகிறதா? சாரல் காலத்தில் காற்று ஈரமாக இருக்கும், அரங்குத் தரை குளிர்ந்து கிடக்கும். குளிர்ந்த தரையில் காற்றின் ஈரம் வியர்வை மாதிரி படிந்துவிடும். அது வேறு நோய், அதற்கு மருந்து காற்றோட்டம். தரையைத் தோண்டி ஒரு பயனும் இல்லை. சோதனை சுலபம். ஒன்றரை அடி சதுரத்துக்கு, உள்ளே இருப்பது தெரிகிற பாலித்தீன் துண்டைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். நாங்கள் சித்திரை வெயிலில் செய்தோம். எடுத்துப் பார்த்தபோது ஷீட்டின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், தரை அந்தச் சதுரத்துக்குள் மட்டும் கருத்திருந்தது. மேற்பக்கம் காய்ந்து கிடந்தது. அந்த வெயிலிலும் அடியில் தண்ணீர் என்றால் அது மண்ணிலிருந்துதான் வருகிறது. பட்டாசலில் (முன்கூடத்தில்) இதே சோதனைக்கு லேசான மங்கல் மட்டுமே தெரிந்தது. அங்கே பழைய காவித் தரை, அதைத் தொடவில்லை. நன்றாக இருக்கிற தரையை, வேலை நடக்கிறதே என்று சேர்த்து உடைப்பது எனக்குச் சம்மதமில்லை.

கொத்தனார் அண்ணாச்சி புளியரைக்காரர். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வரைக்கும் வேலைக்குப் போகிறவர். ஈரமான வீடுகளைப் பார்த்துப் பழகிய கை. அவர் முதலில் பாலித்தீன் ஷீட்டுக்குச் சம்மதிக்கவில்லை.

"தம்பி, தரைய மூடிட்டா ஈரம் எங்க போகும்? நேரா சுவத்துக்குத்தான் ஓடும். சுண்ணாம்பும் செங்கல்தூளும் போட்டு அந்தக் காலத்துத் தரையாவே போட்டுருவோம். அது மூச்சு விடும்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. ஓதத்தடுப்பு இல்லாத பழைய சுவர் உள்ள வீட்டில் தரையை மட்டும் அடைத்தால், தரை வழியாகப் போய்க்கொண்டிருந்த ஈரம் சுவரோரத்தில் சேர்ந்து இன்னும் உயர ஏறும். பழைய வீடுகளில் டைல்ஸ் ஒட்டிய கொஞ்ச நாளில் சுவர் பொருமுவதற்கு இது பெரிய காரணம். வேறு எந்த அறையாக இருந்தாலும் அவர் சொன்ன சுண்ணாம்புத் தரைக்கே நானும் போயிருப்பேன். ஆனால் இது அரிசி வைக்கிற அறை. தரை மூச்சு விட்டால் அந்த மூச்சு மூட்டைக்குள்தான் போகும்.

"சரி அண்ணாச்சி, தரைக்கு ஷீட் போடுவோம். ஆனா சுவத்துல சிமெண்டு தொடக் கூடாது, வெளிய மண்ணையும் எறக்கிருவோம். அப்ப ஈரம் சுவருக்கு வர்றதே கொறஞ்சிரும்ல?"

"வெளிய எறக்குறதா இருந்தா செய்யலாம். அத முதல்ல செய்யணும்" என்றார். அப்படியே வெளிவேலையை முதலில் எடுத்தோம்.

புறவாசல் சுவரை ஒட்டி, உள்தரை மட்டத்துக்கு ஓரடிக்கு மேல் தாழ்வாக வரும்வரை மண்ணை வெட்டி எடுத்தோம். பிறகு சுவரோரம் ஓரடி அகலத்துக்கு ஒரு சின்ன ஓடை. கடகால் கல்லின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது, அங்கே மண்ணைத் தளர்த்தினால் சுவர் உட்கார்ந்துவிடும். ஓடைக்குள் மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுகிற ஜியோடெக்ஸ்டைல் துணி, அதில் கொஞ்சம் ஜல்லி, நாலு அங்குலத் துளைக் குழாய், துளைகள் கீழ்ப்பார்த்து. நூறு அடிக்கு ஓரடி வாட்டம். சுற்றிலும் ஒன்றரை அங்குல ஜல்லி போட்டுத் துணியை மேலே மடித்து மூடினோம். குழாயின் முடிவை வாய்க்காலில் விடுவதற்கு முன்னால் வாய்க்கால் சுவரில் தண்ணீர்க் கறை எதுவரை இருக்கிறது என்று பார்த்து, அதற்கு மேலேதான் வாயை வைத்தோம். கறைக்குக் கீழே வைத்திருந்தால் பிசானத்துக்குத் தண்ணீர் திறக்கும்போது வாய்க்கால் தண்ணீர் குழாய் வழியாகச் சுவரடிக்கே வந்து சேரும். ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்கத் தகரப் பாத்தியும் கட்டினோம். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்துகொண்டிருந்தால் உள்ளே என்ன செய்தும் நிற்காது.

சுவரோரம் சிமெண்டுத் தளம் போடுவதுதான் ஊர் வழக்கம். நான் அதை வேண்டாம் என்றேன். சுவரை ஒட்டிய சிமெண்டு, மண்ணின் ஈரம் வெளியே காய்கிற வழியை அடைக்கிறது. விரிசல் விட்டால் மழைத்தண்ணீரை நேராகக் கடகாலுக்கு அனுப்புகிறது. ஜல்லி திறந்து கிடந்தால் சாரல் தெறிப்பதும் குறையும்.

இனி உள்ளே. பழைய தரையை உடைத்து, பத்து அங்குலம் ஆழத்துக்கு எடுத்தோம். உடைத்ததும் விஷயம் விளங்கியது. கீழே நிரப்பியிருந்தது வயல் களிமண். கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கிற ஈரம். தண்ணீர் மேலே ஏறுவது துளையின் அகலத்தைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு ஆரம் உள்ள துளையில் ஒன்றரை மீட்டர் உயரம் வரை தண்ணீர் தானாக ஏற முடியும். களிமண்ணின் துளைகள் அதைவிடவும் நுண்ணியவை. அதே தண்ணீர், சில மில்லிமீட்டர் அகலமான இடைவெளியில் சில மில்லிமீட்டருக்கு மேல் ஏறாது. களிமண்ணுக்கு மேல் பெருஞ்ஜல்லிப் படுகை போடுவதன் காரணம் இவ்வளவுதான். தண்ணீர் ஏறுவதற்கான ஏணியை அந்த இடத்தில் எடுத்துவிடுகிறோம்.

இதனால்தான் ஜல்லியில் தூசி இருக்கக் கூடாது. இதை நான் பிடிவாதமாகச் சொன்னேன். கிரஷரிலிருந்து வருகிற லோடில் அடியில் மாவு மாதிரி தூசி இருக்கும். அதையும் சேர்த்துக் கொட்டினால் இடைவெளியெல்லாம் அடைந்து, தண்ணீர் பழையபடி ஏற வழி கிடைத்துவிடும். எங்களுக்குத் தேவைப்பட்டது நாலு அங்குலக் கனத்துக்கு நாற்பது கன அடி. முக்கால் அங்குல ஜல்லியைச் சல்லடையில் அலசி, சட்டி சட்டியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் கொட்டி வைத்தோம். கையாளாக வந்த அக்கா, "ஜல்லியக் கழுவுற வீட்ட இப்பத்தான் பாக்குறேன்" என்றார். கழுவிய தண்ணீர் சாம்பல் கரைத்தது போல ஓடியதைப் பார்த்த பிறகு அவரே அடுத்த குவியலை எடுத்து வைத்தார். விலை குறைவு என்று கிரஷர் தூசியையோ எம்-சாண்டையோ தரைக்கடியில் நிரப்புகிறவர்கள் நிறையப் பேர். தரை கெட்டியாக நிற்கும், ஓதத்துக்கு அது உதவாது.

மண்ணைத் திமிசுக்கட்டையால் இறுக்கி, கரையான் மருந்து அடித்து, அதன் மேல் ஜல்லியைப் பரப்பினோம். ஜல்லியின் மேல் முனைகள் ஷீட்டைக் குத்தும் என்பதால் பழைய சாக்குகளைப் பிரித்து விரித்து, அதற்கு மேல் ஓர் அங்குலத்துக்கு மணல். சாக்கு இல்லாமல் மணல் போட்டால் அது ஜல்லிக்குள் இறங்கிவிடும். சணல் சாக்கு மக்கிப்போகும், பிளாஸ்டிக் சாக்காக இருக்க வேண்டும்.

ஷீட் 250 மைக்ரான் கனம். கடையில் ஆயிரம் கேஜ் என்று கேட்டால் கொடுப்பார்கள். மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்த மலிவு ஷீட்டை வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளைகள் தெரியும். வாங்குவதற்கு முன்னால் ஓர் ஓரத்தை விரித்துப் பிடித்துப் பார்க்க வேண்டியது அவசியம். பன்னிரண்டடி அகலச் சுருள் கிடைத்ததால் பதினான்கடி வெட்டி, ஒட்டே இல்லாமல் ஒரே துண்டாகப் போட முடிந்தது. ஒட்டுப் போட வேண்டி வந்தால் அரையடியாவது ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும், நீளம் முழுக்க டேப் வேண்டும்.

இந்த வேலையில் ஜெயிப்பதும் தோற்பதும் தரையும் சுவரும் சேருகிற ஓரத்தில்தான். நடுத்தரையில் ஷீட் யார் போட்டாலும் நன்றாகத்தான் கிடக்கும். ஓரத்தில் ஷீட்டைச் சுவருக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள், அல்லது கான்கிரீட் கொட்டும்போது அது உள்ளே சரிந்துவிடும். அந்த இரண்டு அங்குலம் அறையைச் சுற்றிலும் ஓடுகிறது. கான்கிரீட் மண்ணைத் தொடுகிறது, சுவரையும் தொடுகிறது, ஓதம் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும்.

எங்கள் சுவரடியில் கருங்கல் முண்டும் முடிச்சுமாகத் துருத்திக்கொண்டிருந்தது. முதலில் அதன் மேல் சுண்ணாம்புக் காரையை அப்பி வழவழப்பாக்கினோம். பிறகு ஷீட்டை நாலு பக்கமும் அரையடிக்கும் மேலே சுவரோடு ஏற்றி, தற்காலிகமாக டேப்பால் நிறுத்தினோம். மூலைகளில் கத்தி வைக்கவில்லை. மூலையை வெட்டி ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் சரியாக அந்த முனையில் ஒரு துளை நிற்கும். பொட்டலம் கட்டுவது போல உபரியை ஒரு பக்கமாக மடித்து, மடிப்பைச் சுவரோடு சாய்த்து ஒட்டினால் போதும். அண்ணாச்சி முதல் மூலையை மடித்து, விரலால் நீவி, எழுந்து நின்று பார்த்து, மறுபடி பிரித்து மடித்தார். மடிப்பு தரையோடு படிந்து உட்கார வேண்டும். அந்தரத்தில் விறைப்பாக நின்றால் கான்கிரீட்டின் பாரம் அதைக் கிழித்துவிடும். அவர் அந்த மூலைக்குக் கொடுத்த பொறுமைதான் இந்தத் தரை இன்று நிற்பதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

வாசல் நிலை தனி வேலை. அயினி மரம். மேலே கல்மாதிரி இருந்தது, அடியில் நாலு அங்குலம் கரண்டியால் வழித்தெடுக்கலாம். மரம் நீளவாக்கில்தான் தண்ணீரை அதிகம் இழுக்கும். நிலைக்காலின் அறுத்த முனை மண்ணில் ஊன்றியிருந்தால் எந்த நல்ல மரமும் தாங்காது. உளுத்த பகுதியை அறுத்துவிட்டு, அந்த உயரத்துக்கு ஒரு கருங்கல் துண்டு வைத்து, கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் ஷீட்டின் ஒரு பட்டையை மடித்து வைத்தோம். இதுவும் ஓதத்தடுப்புப் படுகைதான், உள்ளங்கை அகலத்தில்.

கான்கிரீட் 1:2:4 (சிமெண்டு, மணல், ஜல்லி), மூன்று அங்குலம். ஐந்தரை மூட்டை சிமெண்டு பிடித்தது. மூட்டைக்கு ஒரு கிலோ, அதாவது நூற்றுக்கு இரண்டு பங்கு, வாட்டர்புரூஃப் பவுடர் சேர்த்தோம். அது கூடுதல் காவல், அதை மட்டும் நம்பி ஷீட்டை விட்டுவிடக் கூடாது. கலவையில் தண்ணீரை அடக்கித்தான் விட வேண்டும். அடியில் பிளாஸ்டிக் இருப்பதால் உபரித் தண்ணீர் கீழே இறங்க முடியாது, எல்லாம் மேலே வந்து நிற்கும், மேற்பரப்பு பலவீனமாகும், காயும்போது ஓரங்கள் தூக்கும். கம்பியை ஷீட்டின் மேல் இழுக்காமல், அடியில் கவர் பிளாக் என்கிற சின்னக் கட்டைகளை வைத்து நிறுத்தினோம். கொட்டும்போது செருப்போடு ஷீட்டில் நடக்க யாரையும் விடவில்லை, பலகை போட்டுத்தான் நடந்தோம். ஈரம் இழுக்கும் முன்பே மேலே காவி தேய்த்து வழித்துவிட்டார் அண்ணாச்சி. டைல்ஸ் வேண்டாம் என்பதில் நாங்கள் இருவரும் ஒரே பேச்சு.

தண்ணீர் கட்டி வைத்து முடிந்த பிறகு பொறுமை வேண்டும். ஒரு பக்கம் மட்டும் காய்கிற கான்கிரீட்டுக்கு ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. எங்கள் ஊர்க் காற்றுக்கு அதைவிடக் கூடவே ஆகும். அதற்குள் டைல்ஸோ ரப்பர் விரிப்போ போட்டால் கலவைத் தண்ணீரையே பார்த்து ஓதம் போகவில்லை என்று முடிவுக்கு வந்துவிடுவோம்.

சுவரில் பொருமிய பூச்சைக் கறை தெரிந்த உயரத்துக்கு மேலும் ஓரடி வரை கொத்தி எடுத்துவிட்டோம். பழைய பூச்சுக்குள் உப்பு ஊறியிருக்கும், அதை விட்டுவிட்டு மேலே பூசினால் புதுப் பூச்சும் போய்விடும். வெறுஞ்செங்கலைக் காற்றாட விட்டு, பூத்துக்கொண்டு வந்த உப்பை உலர்ந்த துடைப்பத்தால் தட்டி அள்ளி வெளியே கொட்டினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பிறகு ஊறவைத்த சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. பூச்சைத் தரை வரைக்கும் இறக்காமல் ஓர் அங்குலம் மேலேயே நிறுத்தினோம். ஷீட்டைத் தரைக்கு ஓர் அங்குலம் மேலே விட்டு அறுத்தோம். இடைவெளியை மறைக்க மரச்சட்டம், பசை இல்லாமல் சும்மா சாய்த்து வைத்தது. சுவருக்கு வெள்ளையடிப்பு மட்டும், எமல்ஷன் கிடையாது.

சாரல் முடிந்து ஐப்பசி மழையும் பெய்து தீர்ந்த பிறகு அதே பாலித்தீன் சோதனையைத் தரையின் நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தோம். அடிப்பக்கம் காய்ந்திருந்தது. மூன்று சுவர்களில் உப்பு லேசாகப் பூக்கிறது, பெருக்கினால் போகிறது. அது இன்னும் சில காலம் வரும். சுண்ணாம்புப் பூச்சின் வேலையே அந்த உப்பை வாங்கிக்கொண்டு, செங்கலைக் காப்பாற்றுவதுதான்.

நாலாவது சுவர் தொந்தரவு தருகிறது. அதற்கு அந்தப் பக்கம் முன்பு மாட்டுத்தொழுவம். காலங்காலமாக ஊறிய கோமியத்திலிருந்து வருகிற நைட்ரேட் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் கீழிருந்து ஒரு சொட்டும் ஏறாவிட்டாலும் சாரல் நாளில் அந்தச் சுவர் கருக்கிறது, வெயில் அடித்தால் வெளுக்கிறது. இதற்கு ஷீட்டும் ஜல்லியும் மருந்தில்லை, உப்பையே வெளியே எடுக்க வேண்டும். காகிதக் கூழும் களிமண்ணும் குழைத்துச் சுவரில் ஒரு விரல் கனத்துக்கு அப்பி, முழுக்கக் காயவிட்டு, உப்போடு சேர்த்து உரித்து எறிவது ஒரு வழி. ஒரே தடவையில் தீராது. தொழுவத்துப் பக்கத்து மண்ணையும் ஓரடி வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். பங்குனியில் அண்ணாச்சி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அரிசி மூட்டைகளை அந்தச் சுவரிலிருந்து ஓரடி தள்ளியே அடுக்குகிறோம்.